மயினி தந்த பத்து நிமிடம்

வேல்விழிக்குப் படம் வரைய ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கிடைத்துவந்தது. அதுவும் பத்திரகாளி கொடுத்தது.

இரண்டு பேருக்கும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு. காலையில் ஒரே வேனில் ஏறி, ஒரே பட்டாசுக் கம்பெனிக்குப் போய், ஒரே அறையில் உட்கார்ந்து பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்குத் திரி வைப்பார்கள். பத்திரகாளி ஆறு வயது மூத்தவள். அவள் புருசன் முனியராஜ் வேல்விழிக்குப் பெரியப்பா வழியில் அண்ணன் முறை. அதனால் இவள் அவளை மயினி என்றுதான் கூப்பிடுவாள்.

வேல்விழிக்கு முப்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சயின்ஸ் நோட்டில் இவள் வரைந்த தவளையையும் செம்பருத்தியையும் டீச்சர் மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறார். பத்தாவதோடு படிப்பு நின்றது. பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கம்பெனி. பென்சில் என்று ஒன்று இருப்பதே பிள்ளைகள் தொலைத்துவிட்டு அழும்போதுதான் ஞாபகம் வரும்.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஒருநாள் போனில் ஒரு வீடியோ ஓடியது. எந்த ஊரோ, ஒரு பெண் தினமும் ஒரு பக்கம் வரைகிறாள். பெரிதாக ஒன்றுமில்லை. காபி டம்ளர், கழற்றிப் போட்ட செருப்பு, ஜன்னல் கம்பியில் காயும் துண்டு. கீழே தேதி போட்டு அன்றைக்கு நடந்ததை ஒரு வரி எழுதி நோட்டை மூடி வைத்துவிடுகிறாள். வேல்விழி அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தாள்.

அவள் புருசன் அருள்பாண்டிக்குச் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் வேலை. அவனிடம் சொன்னதும் ஒரு வாரத்தில் வேஸ்ட் பேப்பரை அளவாக வெட்டித் தைத்து, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். ஒரு பக்கம் கலர் பிசகிப்போன காலண்டர் முருகன். மறுபக்கம் வெள்ளை.

"முருகன் மேலயா வரைய?" என்று கேட்டாள்.

"அதுக்கு நான் என்ன செய்ய? நீ வெள்ளப் பக்கத்துல வரை. சாமி பின்னால இருந்து பாத்துக்கிடட்டும்."

நோட்டு வந்துவிட்டது. நேரம்தான் வரவில்லை. காலையில் எழுந்ததும் வரையலாம் என்று உட்கார்ந்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. வேனில் வரைந்து பார்த்தாள். வெம்பக்கோட்டை ரோட்டின் குண்டு குழி எல்லாம் கோட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், சின்னவனுக்கு வாய்ப்பாடு கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துத் துணி குவிந்துகிடக்கும். ஒரு மாதத்தில் அவள் வரைந்தது பாதி டம்ளர்.

வேனில் பத்திரகாளியிடம் சொல்லிக் குறைபட்டுக்கொண்டாள். பத்திரகாளி சிரிக்கவில்லை. பூச்சட்டி கணக்கைக் கேட்பதுபோலவே கேட்டாள்.

"எம்புட்டு நேரம் வேணும் உனக்கு?"

"ஒரு பத்து நிமிசம் இருந்தாப் போதும் மயினி."

"அம்புட்டுத்தானா?"

மறுநாள் பதினோரு மணி சுமாருக்குப் பத்திரகாளி பூச்சட்டி அடுக்கிய வேல்விழியின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போயிட்டு வா. நான் பாத்துக்கிடுறேன்" என்றாள்.

எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலை அது. ஒருத்தி எழுந்துபோனால் அவள் எண்ணிக்கைதான் குறையும். ஆனால் பத்திரகாளியின் கை அந்தக் கம்பெனியிலேயே வேகமான கை. பதினெட்டு வருசம் பழகிய கை. இரண்டு தட்டையும் அவள் ஓட்டுவதை எதிரே உட்கார்ந்திருக்கும் வள்ளித்தாயும் ஊர்க்காவலனும் வேடிக்கை பார்ப்பார்கள். போர்மேன் மாரிக்கண்ணன் முதலில் இரண்டு மூன்று தடவை, "எங்கன போகுது அந்தப் பிள்ள?" என்று கேட்டார். சாயங்காலம் எண்ணிக்கை சரியாக இருந்ததால் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அறையிலிருந்து நூறடிக்கு மேல் தள்ளி, வேலியோரமாக ஒரு வேப்பமரம். எல்லாரும் சோற்றுப் பையை அதில்தான் மாட்டுவார்கள். வேல்விழியின் நோட்டும் பையோடு அங்கேதான் தொங்கும். பிளேடு, பென்சில் சீவி எதுவும் கேட்டுக்குள்ளே போகக்கூடாது. இரும்பு என்று எது இருந்தாலும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் வீட்டிலேயே நாலு பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு வருவாள். நாலும் மழுங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அணில் வரைந்தாள். தூக்குவாளி வரைந்தாள். மரத்தில் மாட்டிய பைகளை வரைந்தாள். மாரிக்கண்ணனின் சைக்கிளை வரைந்தாள். மரத்தடியிலிருந்து பார்த்தால் திறந்த கதவு வழியாக அறைக்குள் பத்திரகாளி தெரிவாள். குனிந்த முதுகு, கொண்டை, சேலைக்கு மேல் போட்டிருக்கும் காட்டன் சட்டை. அதை எத்தனையோ நாள் வரைந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி.

'மயினி இன்று புளிக்குழம்பு. எனக்கும் கொடுத்தாள்.'

'மழை வரும்போல இருந்து வரவில்லை.'

'மயினி மகள் கீர்த்திகாவுக்கு மார்க் குறைவாம். மயினி இன்று பேசவே இல்லை.'

சாயங்காலம் வேனில் பத்திரகாளி நோட்டை வாங்கிப் பார்ப்பாள். முகத்திலும் கழுத்திலும் வெடிமருந்தின் வெள்ளிப் பவுடர் மினுங்க, படத்தைத் தூரத்தில் பிடித்து ஒரு தடவை, கிட்டத்தில் பிடித்து ஒரு தடவை.

"அணிலு நல்லாருக்கு. வாலுதான் விளக்கமாறு மாதிரி இருக்கு."

"உங்க முகத்த ஒருநா வரையணும் மயினி. முதுகாவே வரைஞ்சுக்கிட்டிருக்கேன்."

"முகத்த வரையணும்னா நான் உன் முன்னால சும்மா உக்காரணும். நான் சும்மா உக்காந்தா உனக்கு ஏது நேரம்?"

இப்படி இரண்டரை வருசம் போனது. மூன்று நோட்டு முடிந்து நாலாவது நோட்டும் பாதி நிறைந்தது.

அந்த வருசம் ஆடி பிறப்பதற்குள்ளேயே சீசன் சூடு பிடித்துவிட்டது. வடக்கேயிருந்து ஆர்டர் குவிந்தது. லாரி வந்து நின்றுகொண்டு லோடு எங்கே என்று கேட்டது. மாரிக்கண்ணன் நடக்கிற இடத்திலெல்லாம் ஓடினார். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பத்திரகாளி வழக்கம்போலத் தட்டை இழுத்தபோது வேல்விழி விடவில்லை.

"இன்னைக்கு வேண்டாம் மயினி. வேல நெருக்குது."

"வேல என்னைக்குத்தான் நெருக்கல? ஒருநா விட்டேன்னா மறுநாளும் விடத் தோணும். பெறகு அப்பிடியே விட்டுப்போயிரும். எந்திரி."

"மயினி..."

"எந்திரிங்கேன்ல. இங்கன நின்னு வாயாடுற நேரத்துல நாலு கோடு இழுத்திருப்ப."

வேல்விழி எழுந்து போனாள்.

மரத்துக்குப் பக்கத்துக் குழாயடியில் தவிட்டுக் குருவிகள் ஐந்தாறு தத்திக்கொண்டிருந்தன. அதில் ஒன்று, சிந்திய தண்ணீரில் முங்கிச் சிறகை விரித்து உலுக்கியது. அதைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கத்துச் சிறகு முடிந்தது. மறுபக்கத்துக்குப் பென்சிலை மாற்றக் குனிந்தாள்.

சத்தம் கேட்டதாகவே அவளுக்கு ஞாபகமில்லை. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல முகம் மண்ணில் மோதியது. நிமிர்ந்தபோது வேப்பமரத்தில் பாதி இலை இல்லை. பைகள் எல்லாம் கீழே கிடந்தன. அறை இருந்த இடத்தில் அறை இல்லை. வெள்ளைப் புகை எழுந்து நின்றது. அதற்குள் சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய இடது காதுக்குள் ஒரு விசில் சத்தம். எழுந்து புகையைப் பார்த்து ஓடியவளை யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்துத் தரையோடு அமுக்கினார்கள். "மயினி, மயினி" என்று தான் கத்தியதும் தனக்கே கேட்கவில்லை.

அந்த அறையில் நாலு பேர் என்று பதிவேட்டில் இருந்தது. பத்திரகாளி, வள்ளித்தாய், ஊர்க்காவலன், வேல்விழி. கேட்டில் நின்ற கூட்டத்துக்கு அந்த நாலு பெயரையும் யாரோ வாசித்துவிட்டார்கள். சிவகாசியிலிருந்து பைக்கில் பறந்துவந்த அருள்பாண்டி பெயரைக் கேட்டதும் கேட்டருகிலேயே விழுந்துவிட்டான். இரண்டு மணி நேரம் கழித்து, ஆம்புலன்சுக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தவளை அவன் பார்த்தான். ஓடிவந்து அவள் தலையை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"எங்கனடி இருந்த? எங்கன இருந்த நீ?"

சுற்றிலும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் முனியராஜும் நின்றார். கையில் பத்திரகாளியின் சோற்றுப் பை.

"பாத்ரூம் போயிருந்தேன்" என்றாள் வேல்விழி.

அந்தப் பொய் அன்றோடு முடியவில்லை. விசாரணைக்கு வந்த போலீசிடமும் அதையே சொன்னாள். தாசில்தார் ஆபீசில் எழுதிக் கையெழுத்து வாங்கியபோதும் அதையே சொன்னாள். மாரிக்கண்ணனுக்கு உண்மை தெரியும். ஆனால் அவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்தபின் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. 'உராய்வினால் விபத்து' என்று பேப்பரில் போட்டார்கள். கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். ஊர் முக்கில் மூன்று பேருக்கும் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டினார்கள். அதில் இருந்த பத்திரகாளியை ஸ்டுடியோக்காரன் வெளுக்க வைத்து, பட்டுச்சேலை ஒட்டி, யாரோ ஒரு கல்யாணப் பெண்போல ஆக்கியிருந்தான்.

எல்லாரும் வேல்விழியைப் பார்க்கும்போது ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "பத்ரகாளியம்மன்தான் ஒன்னக் காப்பாத்துனா." சொல்கிறவர்கள் அம்மனைத்தான் சொன்னார்கள். கேட்கிறவள் காதில் ஒவ்வொரு தடவையும் மயினி பெயர்தான் விழுந்தது.

ராத்திரியும் பகலும் அவளைத் தின்றது ஒரே ஒரு கேள்வி. தான் அறையில் இருந்திருந்தால் தானும் போயிருப்பாள். அது சரி. ஆனால் மயினி இரண்டு தட்டு வேலையை ஒற்றை ஆளாக ஓட்டினாளே, அந்த அவசரத்தில் கை எங்கேயாவது உரசியிருந்தால்? அவள் ஒரு தட்டை மட்டும் நிதானமாகப் பார்த்திருந்தால்? மூன்று பேரும் இன்றைக்கு வீட்டில் இருந்திருப்பார்களோ?

கம்பெனி மூடியபின் முதல் தடவையாக அவளுக்கு நேரம் கிடைத்தது. காலையில் பிள்ளைகளும் புருசனும் போய்விட்டால் மூன்று மணி வரை வீட்டில் ஆளில்லை. பத்து நிமிடம் என்ன, ஒரு நோட்டையே ஒரு நாளில் நிரப்பலாம். ஒரே ஒரு தடவை நோட்டைப் பிரித்துப் பென்சிலைப் பிடித்தாள். உள்ளங்கை வியர்த்து ஈரம் தாளில் இறங்கியது. மூடிவிட்டாள். நாலு நோட்டையும் ஒரு சாக்குப் பையில் சுற்றி, பரணில் பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினாள். அருள்பாண்டி பார்த்தான். ஐப்பசியில் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே யாரோடும் அதிகம் பேசுவதில்லை. இடது காது சரியாகக் கேட்காது என்பது அதற்கு வசதியாக இருந்தது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பத்திரகாளியின் மகள் கீர்த்திகா வந்து வாசலில் நின்றாள். பிளஸ் டூ படிக்கிறாள். இந்த ஐந்து மாதத்தில் ஒரு சுற்று மெலிந்திருந்தாள்.

"உள்ள வா தாயி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அத்த." உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா தெனமும் வந்து சொல்லும். இன்னைக்கு ஒங்க அத்த ஓணான் வரைஞ்சா, இன்னைக்கு என் தூக்குவாளிய வரைஞ்சான்னு. சோறு போடுறப்ப அதான் பேச்சு. நான் போனப் பாத்துக்கிட்டே ம் ம்னு சொல்லுவேன். சரியாக் கேட்டதுகூட இல்ல." நிமிர்ந்து வேல்விழியைப் பார்த்தாள். "அந்த நோட்ட நான் பாக்கணும்."

வேல்விழிக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து சாக்கை இறக்கினாள்.

கீர்த்திகா முதல் நோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். படத்தைவிட வரிகளை அதிக நேரம் பார்த்தாள். அணில் படத்துக்குக் கீழே, 'வால் விளக்கமாறு மாதிரி இருக்கிறதாம், மயினி சொல்கிறாள்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சட்டென்று சிரித்தாள். தன்னுடைய மார்க்கைப் பற்றிய வரி வந்தபோது பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

"அன்னைக்கு என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. நல்லாப் படின்னு மட்டும் சொல்லுச்சு."

"உன் முன்னால காட்டிக்கிட மாட்டா."

நாலாவது நோட்டு வந்தது. கீர்த்திகா முன்னும் பின்னுமாகப் புரட்டினாள்.

"எல்லாத்துலயும் அம்மா முதுகுதான் இருக்கு. ஒண்ணுலகூட முகம் இல்லையே அத்த."

வேல்விழி நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "உங்கம்மா எனக்காக வேல பாக்குற நேரத்துலதான தாயி நான் வரைஞ்சேன். அவ அங்கிட்டுத் திரும்பித்தான் இருப்பா."

கீர்த்திகா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஏதோ பிடிபட ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. மிச்சப் பக்கங்களை வேகமாகத் தள்ளிக் கடைசிப் படத்துக்கு வந்தாள். ஒரு சிறகோடு நின்றுபோன குருவி. தேதி போட்டிருந்தது. கீழே வரி இல்லை. அந்தத் தேதியை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"நீங்க பாத்ரூம் போயிருந்ததாச் சொன்னீக."

மறுபடியும் ஒரு பொய் சொல்ல அந்த நிமிடத்தில்கூட இடம் இருந்தது. காலையில் வேனில் வரைந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வேல்விழி சொல்லவில்லை.

"பொய் சொன்னேன். மரத்தடியில இருந்தேன். வேண்டாம்னுதான் சொன்னேன் தாயி, அவதான் போகச் சொன்னா. என் தட்டையும் அவதான் பாத்துக்கிட்டிருந்தா."

"ரெண்டு தட்டையுமா?"

"ஆமா."

கீர்த்திகா மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"இதுக்காகவா அத்த? இந்தக் குருவிக்காகவா?"

கீர்த்திகா நோட்டை மூடிப் பாயில் வைத்தாள். செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தாள்.

அன்று சாயங்காலம் அருள்பாண்டி வந்ததும் வேல்விழி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றான். "அன்னைக்கு உன் விரல்ல பென்சில் கரி இருந்துச்சு. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

"அண்ணன்கிட்டயும் சொல்லணும்."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். நான் மட்டும் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள். முனியராஜ் லோடு ஏற்றுகிற ஆள். பெரிய உடம்பு. முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சமையல் இப்போது அவர் பொறுப்பு. மகள் தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவர் 'வா தாயி' என்ற விதத்திலேயே தெரிந்தது. வேல்விழி உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள். கடைசியில், "ரெண்டு தட்டு வேலைங்கவும் மயினிக்குக் கை பதறிருக்குமோன்னு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றாள்.

முனியராஜ் பூண்டைக் கீழே வைத்தார்.

"அத மட்டும் சொல்லாத. அவ கை பதறுற கையில்ல. பதினெட்டு வருசம்." கையில் ஒட்டிய பூண்டுத் தோலைத் தட்டினார். "யாரு கைன்னு யாருக்குத் தெரியும்? அந்த மருந்துக்கே தெரியாது."

"அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லிருக்கணும் அண்ணே."

"அன்னைக்குச் சொல்லிருந்தீன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. இப்பச் சொன்னதுதான் நல்லது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "போன்னு அவதான் சொன்னாளா?"

"அவதான் சொன்னா."

"சொல்லுவா. ஒண்ண நெனச்சுட்டாள்னா விடமாட்டா."

உள்ளே கதவுக்குப் பின்னால் கீர்த்திகா நடமாடும் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. வேல்விழி கிளம்பத் திரும்பியபோது முனியராஜ் கூப்பிட்டார்.

"ஊர் முக்குல கட்டிருக்காகளே ஒரு பிளக்ஸு, அது அவ இல்ல தாயி. ஆதார் கார்டுல இருக்கதும் அவ இல்ல. கல்யாண போட்டோல சின்னப்பிள்ள. போன்ல ரெண்டு மூணு இருக்கு, எல்லாம் யாருக்காவது பின்னால நிக்கா. வேலைக்குப் போயிட்டு வந்து இங்கன உக்காந்து வெத்தல போடுவாள்ல, அப்ப இருக்க மூஞ்சி... உன்னால முடிஞ்சா ஒண்ணு வரைஞ்சு குடு."

"என்னால இப்ப வரைய முடியல அண்ணே."

"முடியுறப்ப குடு."

தை முழுக்க அவள் பென்சிலைத் தொடவில்லை. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைக்கக் குவித்த துணியை அருள்பாண்டி அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நான் அலசுறேன். அண்ணன் கேட்டாகள்ல, போ" என்றான். போகமாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். யாரோ தன் வேலையை வாங்கிக்கொண்டு தன்னைப் போகச் சொல்வது அவளைக் குலைத்துப் போட்டது. கல்லில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அவன் துணியை அலசி முடிக்கும்வரை அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நாலு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனாள்.

முனியராஜின் முற்றத்தில் உட்கார்ந்து வரைந்தாள். முதுகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். முகம் அப்படி இல்லை. மூக்கு வந்தால் வாய் வரவில்லை. வாய் வந்தால் அது வேறு யார் வாயோ. தினமும் பார்த்த முகம், வேனில் தோளோடு தோளாக உட்கார்ந்து வந்த முகம், பென்சில் முனைக்கு வரும்போது நழுவியது. முனியராஜ் எட்டிப் பார்த்து, "கன்னம் இம்புட்டு ஒட்டாது" என்பார். அழித்து வரைவாள். "இப்ப ஊதிப்போச்சு" என்பார். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. கீர்த்திகா அந்த நேரத்துக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை முனியராஜுக்கும் வேல்விழிக்கும் மச்சத்தில் தகராறு வந்தது. உதட்டுக்கு மேலே வலது பக்கம் என்றார் அவர். இடது பக்கம் என்றாள் இவள்.

"இருபது வருசம் குடும்பம் நடத்துனவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"நான் எப்பவும் அவளுக்கு இந்தப் பக்கம்தான் அண்ணே உக்காருவேன். எனக்குத் தெரியும்."

"ரெண்டு பேரு சொல்றதும் தப்பு."

கீர்த்திகா நிலைவாசலில் நின்றாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வேல்விழி கேட்க அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"உதட்டுக்கு மேல இல்ல. மூக்கு ஓரத்துல. கம்பெனி பவுடர் அதுல போயி ஒட்டிக்கிடும், எம்புட்டுத் தேச்சாலும் போகாது. நான்தான் எண்ணெய் தொட்டுத் தொடச்சு விடுவேன்." கிட்டே வந்து தாளைப் பார்த்தாள். "நெத்தியும் இம்புட்டு அகலம் கெடையாது. இழுத்துச் சீவுறதுனால அப்பிடித் தெரியும்."

வேல்விழி அழித்தாள். கீர்த்திகா சொல்லச் சொல்ல வரைந்தாள். புருவம் ஒன்று மேலே, ஒன்று கீழே. சிரித்தால் தெரியும் தெத்துப்பல். அழித்து அழித்துத் தாள் நைந்து ஓட்டை விழுந்தது. அடுத்த தாளை எடுத்தாள். வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரேறியது. கடைசியில் தாளை நிமிர்த்தித் தூக்குவாளியில் சாய்த்து வைத்தாள்.

"இப்ப?"

அப்பாவும் மகளும் ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"இல்ல" என்றாள் கீர்த்திகா.

"அவளுக்கு ஒரு அக்கா இருந்திருந்தா இப்பிடி இருந்திருப்பா" என்றார் முனியராஜ். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, பெரிய உடம்பு குலுங்க, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கீர்த்திகா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வேல்விழி தாளின் கீழே தேதி போட்டாள். கொஞ்சம் யோசித்து ஒரு வரி எழுதினாள். 'இன்றும் மயினி வரவில்லை.'

கீர்த்திகா அங்கிருந்தே அதைப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் எனக்குப் பரிச்ச இருக்கு" என்றாள். "அதுக்கு அடுத்த வாரம் வாங்க அத்த."